மீசை எடுத்த ரஜினி: கோல்மாலுக்குப் பக்கத்தில் வைத்து தில்லு முல்லு

போன மாதம் மாதுங்காவிலிருந்து அத்தை வந்திருந்தார். கல்யாணமாகிப் போனதிலிருந்து மும்பைதான். ராத்திரி சாப்பிட்டுவிட்டு எல்லோரும் டி.வி. முன்னால் உட்கார்ந்தபோது ஏதோ ஒரு சேனலில் 'தில்லு முல்லு' ஓடிக்கொண்டிருந்தது. தேங்காய் சீனிவாசன் இன்டர்வியூ எடுக்கிற இடம். அப்பா உடனே ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டார். அத்தை ரெண்டு நிமிஷம் பார்த்துவிட்டு, "காப்பிடா இது. ஹிந்தி கோல்மால் அப்படியே. ஒரு சீன் மாத்தலை" என்றார்.

அப்பாவுக்குச் சுருக்கென்றது. "ஏன்க்கா, உரிமை வாங்கித்தானே எடுத்தாங்க, அது எப்படிக் காப்பி ஆகும்?" என்று ஆரம்பித்தார். அத்தை விடவில்லை. "உரிமை வாங்கினா மட்டும் சொந்தமாயிடுமா?" என்று ஒரே கேள்வி. அன்றைக்குத் தூங்கப் போகும்போது மணி பன்னிரண்டு. மறுநாள் ராத்திரி கோல்மால், அதற்கடுத்த நாள் தில்லு முல்லு, இரண்டையும் முதலிலிருந்து கடைசி வரை எழுந்திருக்காமல் பார்ப்பது என்று முடிவானது. பார்த்தோம். அப்புறம் நான் மட்டும் சில சீன்களை மறுபடி மறுபடி போட்டுப் பார்த்தேன். இந்த விமர்சனம் அப்படி வந்தது. அத்தையின் கேள்வி நியாயமானது, அதற்கு நேராகப் பதில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

கதை தெரியாதவர்கள் குறைவு, இருந்தாலும் சுருக்கமாக. வேலை தேடும் ஒரு இளைஞன். வேலை கொடுக்கிற முதலாளிக்கு ஒழுக்கம் என்றால் உயிர், பழைய பழக்கவழக்கம் என்றால் உயிர், மீசை இல்லாத ஆண்பிள்ளையைக் கண்டால் ஆகவே ஆகாது. அவருக்குப் பிடித்த மாதிரி வேஷம் கட்டிக்கொண்டு போய் வேலையை வாங்கிவிடுகிறான். பிறகு ஒரு நாள் பொய் சொல்லி லீவு போட்டுவிட்டு மேட்ச் பார்க்கப் போன இடத்தில் அவர் கண்ணில் பட்டுவிடுகிறான். தப்பிக்க வேண்டுமே, தனக்கு இரட்டைப் பிறவியாக ஒரு தம்பி இருக்கிறான், அவனுக்கு மீசை கிடையாது என்று ஒரு பொய். அந்தப் பொய்யைக் காப்பாற்ற மீசையை எடுத்துவிட்டு, ஆபிஸுக்குப் போகும்போது மட்டும் ஒட்டு மீசை. மீசை இல்லாத 'தம்பி' முதலாளியின் பெண்ணுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கப் போகிறான், அவள் இவனைக் காதலிக்கிறாள், அப்பாவோ மீசை வைத்த 'அண்ணனுக்கு'த்தான் பெண் என்கிறார். நடுவில் இல்லாத அம்மாவுக்கு ஒரு அம்மா பிடித்துக்கொண்டு வர வேண்டியிருக்கிறது. அந்த அம்மாவுக்கும் பின்னால் ஒரு இரட்டைச் சகோதரி தேவைப்படுகிறது.

ஹிருஷிகேஷ் முகர்ஜி இயக்கிய கோல்மால் 1979இல் வந்தது. அமோல் பாலேகர், உத்பல் தத், பிந்தியா கோஸ்வாமி, தீனா பாடக். கே. பாலசந்தர் இயக்கிய தில்லு முல்லு 1981 மே முதல் தேதி, கலாகேந்திரா தயாரிப்பு. ரஜினிகாந்த், தேங்காய் சீனிவாசன், மாதவி, சவுகார் ஜானகி. வசனம் விசு, இசை எம்.எஸ்.வி., பாட்டு கண்ணதாசன். இரண்டு வருஷ இடைவெளிதான். முதல் படம் எல்லோர் நினைவிலும் பச்சையாக இருக்கும்போதே இரண்டாவது வந்துவிட்டது.

அத்தை சொன்னதில் பாதி அப்படியே உண்மை, அதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். அடுத்தடுத்த நாளில் பார்த்தால் சீன் வரிசை கிட்டத்தட்ட மாறவே இல்லை என்பது முகத்தில் அறைகிற மாதிரி தெரிகிறது. குடும்ப நண்பரான டாக்டர் முதலாளியின் குணத்தை முன்கூட்டியே சொல்லித்தருவது, குட்டை ஜிப்பா, இன்டர்வியூ, மேட்ச், தம்பி, பாட்டு வாத்தியார், அம்மா, அம்மாவின் தங்கை, ஒட்டு மீசை, கடைசி ஓட்டம். அங்கே டேவிட் செய்த டாக்டரை இங்கே பூர்ணம் விஸ்வநாதன் செய்கிறார். அங்கே ஹிந்தி காமெடி நடிகர் தேவன் வர்மா தேவன் வர்மாவாகவே வருகிறார், இங்கே நாகேஷ் நாகேஷாகவே வருகிறார். இந்த அளவுக்கு ஒன்றின் மேல் ஒன்று வைத்தால் ஓரம் பிசகாமல் பொருந்துகிற இரண்டு படங்கள் அபூர்வம்.

அப்படியும் இரண்டாவது படம் ஏன் பழைய சோறாக இல்லை?

எனக்குக் கிடைத்த பதில் மீசையில் இருக்கிறது.

அமோல் பாலேகரின் முகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நடிக்க வருவதற்கு முன் அவர் பேங்கில் கிளார்க்காக இருந்தவர். அவரை எங்கே நிறுத்தினாலும், பஸ் ஸ்டாண்டில், ஆபிஸ் லிஃப்ட்டில், ரேஷன் வரிசையில், இயல்பாகப் பொருந்திவிடுவார். கோல்மாலில் அவர் சி.ஏ. படித்த ராம்பிரசாத். மீசை வைத்தால் அடக்கமான பையன், மீசை எடுத்தால் ஊர் சுற்றுகிற லக்கி. இரண்டுமே அவருக்கு வேஷம். அவர் நிஜத்தில் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ இருக்கிற ஒரு சாதாரண மனிதர் என்பது நமக்குத் தெரியும், அதனால் இரண்டு பக்கமும் அவர் கொஞ்சம் கொஞ்சம் சாய்வதைப் பார்த்துச் சிரிக்கிறோம். அந்தச் சிரிப்பு மென்மையானது. எனக்கு மிகவும் பிடித்தது.

ரஜினி அப்படி இல்லை. 1980 ஜனவரியில் 'பில்லா', அந்த வருஷக் கடைசியில் 'முரட்டுக்காளை'. அவர் முழுக்க முழுக்க ஆக்ஷன் பக்கம் போய்க்கொண்டிருந்த நேரம். மக்களுக்கு ரஜினி என்றால் என்ன நினைவுக்கு வரும்? நடை, வேகம், முடியைக் கோதுவது, சிகரெட், அப்புறம் அந்த மீசை. இந்தப் படத்தில் மீசை வைத்திருக்கிற சந்திரனைப் பாருங்கள். முகம் நமக்குத் தெரிந்த ரஜினி முகம். ஆனால் ரஜினி செய்கிற ஒன்றையும் அவர் செய்யவில்லை. குனிந்து நடக்கிறார், கும்பிடுகிறார், நெற்றியில் பொட்டு, குரலில் பணிவு. மீசை இல்லாத இந்திரனைப் பாருங்கள். அந்த முகத்தை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை, ரஜினி முதல்முறையாக மீசையை எடுத்துக்கொண்டு திரையில் நின்றது இந்தப் படத்தில்தான். ஆனால் நடையும் வேகமும் ஸ்டைலும் மொத்தமாக அங்கே இருக்கிறது. அதாவது ரஜினி மாதிரி இருப்பவர் ரஜினி மாதிரி நடந்துகொள்வதில்லை, ரஜினி மாதிரி இல்லாதவர் அச்சு அசல் ரஜினியாக நடந்துகொள்கிறார்.

இது கோல்மாலில் கிடையாது. இருக்கவும் முடியாது, அமோல் பாலேகருக்கு அப்படி ஒரு பிம்பம் இல்லை. அதே சீன், அதே சூழ்நிலை, ஆனால் ஆளை மாற்றியதும் சிரிப்புக்குள் இன்னொரு சிரிப்பு வந்து உட்கார்ந்துவிட்டது. முதலாளியை ஏமாற்றுகிற சந்திரனைப் பார்த்து ஒரு சிரிப்பு, ரஜினியை அடக்கி வைத்திருக்கிற ரஜினியைப் பார்த்து ஒரு சிரிப்பு. பாலசந்தருக்கு இது தெரிந்திருக்கிறது. அவர்தானே 1975இல் 'அபூர்வ ராகங்கள்' படத்தில் ரஜினியை அறிமுகப்படுத்தியவர். தான் கொண்டுவந்த நடிகர் எங்கே போய் நிற்கிறார் என்று பார்த்து, அந்த இடத்திலிருந்தே ஒரு காமெடியைப் பிழிந்து எடுத்திருக்கிறார்.

சந்திரனின் கையை மட்டும் கவனித்து ஒரு முறை படத்தைப் பாருங்கள் என்று சொல்வேன். நான் அப்படித்தான் மூன்றாவது முறை பார்த்தேன். முதலாளி முன்னால் நிற்கும்போது அந்தக் கைகளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. வழக்கமாகக் காற்றில் சுழல்கிற கை, இங்கே ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு நிற்கிறது. அவர் சும்மா நிற்கிற இடத்தில்கூட அந்தப் பிடி தளர்வதில்லை. இந்திரனாக வந்ததும் அதே கைகள் அவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டி மாதிரி. இரட்டை வேஷத்துக்குக் குரலை மாற்றுவார்கள், உடையை மாற்றுவார்கள். கையில் காட்டுவது எல்லோருக்கும் வராது. 'ரஜினிக்குக் காமெடி வரும்' என்று இப்போது எல்லோரும் சாதாரணமாகச் சொல்கிறோம், அவர் முழுநீளக் காமெடி செய்த முதல் படம் இதுதான்.

அடுத்தது விசு. வசனத்தை மொழிபெயர்ப்பது வேறு, அந்தச் சிரிப்பு நம் வீட்டில் எங்கே உட்காரும் என்று இடம் பார்த்து வைப்பது வேறு. ஒரே ஒரு உதாரணம். கோல்மாலில் நாயகன் தன் பெயரை ராம்பிரசாத் தசரத்பிரசாத் சர்மா என்று நீட்டிச் சொல்வான், பெயரைச் சுருக்கிச் சொல்கிற இந்தக் காலத்துப் பையன்களை முதலாளிக்குப் பிடிக்காது என்பதால். இதைத் தமிழில் எப்படிச் செய்வது? நமக்குச் சாதிப் பெயரைப் பின்னால் போட்டுக்கொள்கிற வழக்கம் போய்விட்டது. நமக்கு இருப்பது இனிஷியல். ஊர், தாத்தா, அப்பா எல்லோரும் ஒவ்வொரு எழுத்தாகச் சுருங்கி நம் பெயருக்கு முன்னால் நிற்கிறார்கள். அந்த எழுத்துகளை அவிழ்த்துவிட்டார் விசு. "அய்யம்பேட்டை அறிவுடைநம்பி கலியபெருமாள் சந்திரன்!" ரஜினி அதை மூச்சு விடாமல் சொல்கிற வேகத்தில் ஒரு முழு வம்சமே ரூமுக்குள் வந்து நிற்கிறது. அய்யம்பேட்டை எங்கள் தஞ்சாவூர்ப் பக்கம். அப்பா 1981இல் தியேட்டரில் இந்த இடத்தில் எழுந்த சத்தத்தைப் பற்றி இன்றைக்கும் சொல்வார். ஹிந்தியில் இது ஒரு சின்னச் சிரிப்பு. இங்கே ஊரே மனப்பாடம் செய்த வரி. 45 வருஷமாகக் கல்யாண வீட்டில், ஆபிஸில், யாராவது பெயர் கேட்டால் யாராவது இதைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

மீசையும் அப்படித்தான். கதையில் மீசை ஹிந்தியிலேயே இருக்கிறது, ஆனால் நம் மொழியில் மீசைக்கு இருக்கிற கனம் வேறு. கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசை என்கிறோம். குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்கிறோம். பந்தயம் கட்டினால் ஒரு பக்க மீசையை எடுத்துக்கொள்கிறேன் என்கிறோம். சந்திரன் வேலைக்காக மீசையைக் காப்பாற்றுவதும் மேட்ச்சுக்காக மீசையை இழப்பதும் கூழுக்கும் மீசைக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ஒருவனின் கதையேதான். பாலசந்தர் இதை எங்கேயும் எடுத்துச் சொல்லவில்லை. சொல்லவே தேவையில்லாத அளவுக்கு அது நமக்குள் கிடக்கிறது.

சரி, தேங்காய் சீனிவாசன். இங்கேதான் அத்தைக்கும் அப்பாவுக்கும் பெரிய சண்டை.

உத்பல் தத் வங்காள நாடக உலகில் மலை மாதிரியான ஆள். அரசியல் நாடகம் போட்டு 1965இல் சிறைக்குப் போனவர். கோல்மாலில் அவருடைய பவானி சங்கர் கோபப்படும்போதும் சந்தேகப்படும்போதும் தொண்டைக்குள்ளிருந்து ஒரு சின்னச் சத்தம் வரும், கண் கொஞ்சம் விரியும், அவ்வளவுதான். அந்தச் சின்னச் சத்தத்திலேயே ஆள் முழுசாகத் தெரிந்துவிடுவார். பெரிய நடிகர் சின்ன அளவில் நடிப்பதைப் பார்ப்பது ஒரு சுகம். அந்தப் பாத்திரத்துக்கு அவருக்குச் சிறந்த நகைச்சுவை நடிகருக்கான பிலிம்பேர் விருது கிடைத்தது, அமோல் பாலேகருக்குச் சிறந்த நடிகருக்கானது கிடைத்தது. இரண்டும் தகும்.

தேங்காய் வேறு வழியில் போகிறார். அவர் உத்பல் தத்தைப் போலச் செய்திருந்தால் படம் படுத்திருக்கும். அவருடைய ஸ்ரீராமச்சந்திரமூர்த்தி பெரிய குரல், பெரிய கோபம், பெரிய அழுகை. தன் கொள்கைகளை அவர் உண்மையிலேயே நம்புகிறார் என்பதுதான் முக்கியம். இவர் ஒரு கோமாளி என்று நமக்கு ஒரு இடத்திலும் தோன்றக் கூடாது, தோன்றவிடவில்லை. சந்திரனின் அம்மா என்று நம்பி சவுகார் ஜானகி முன்னால் அவர் பணிந்து நிற்கும் இடத்தைப் பாருங்கள். இவ்வளவு நல்ல மனிதரை ஏமாற்றுகிறார்களே என்று ஒரு கணம் மனசு கஷ்டப்படும், அடுத்த கணம் சிரிப்பு வரும். அந்த ஒரு கணத்தைக் கொண்டுவருவதற்குத்தான் பெரிய நடிகர் வேண்டும். எனக்குக் கோல்மாலில் பவானி சங்கர்மேல் பாசம் வந்தது, இரக்கம் வரவில்லை. தேங்காய்மேல் இரண்டும் வந்தது.

அவருக்கு அந்தப் பட்டப்பெயர் வந்த கதை பலருக்குத் தெரியும். 'கல் மணம்' என்ற நாடகத்தில் தேங்காய் வியாபாரியாக நடித்ததைப் பார்த்து கே.ஏ. தங்கவேலு வைத்த பெயர். சவுகார் ஜானகிக்கும் அப்படியே, 1950இல் வந்த 'ஷாவுகாரு' என்ற தெலுங்குப் படத்திலிருந்து ஒட்டிக்கொண்ட பெயர். நடித்த வேஷம் பெயராகவே ஒட்டிக்கொண்ட இரண்டு பேர், ஆள்மாறாட்டக் கதையில் எதிரெதிரே நிற்கிறார்கள். இதை நினைத்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

சவுகார் ஜானகி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதுவரைக்கும் அவர் பெயரைக் கேட்டால் கண்ணீர்தான் நினைவுக்கு வரும் பலருக்கு. 'பாமா விஜயம்', 'எதிர்நீச்சல்' பார்த்தவர்களுக்கு அவர் காமெடி தெரியும், அந்த இரண்டுமே பாலசந்தர் படங்கள்தான். இங்கே அவர் நாகரிகமான, பணக்கார வீட்டு அம்மாள், நடிப்பில் ஆசை உள்ளவர், ஒரு பையனுக்கு உதவி செய்வதற்காக ஏழை அம்மாவாக வேஷம் போட ஒப்புக்கொள்கிறார். ஒரே முகம், தலையை மூடின புடவை, அவ்வளவுதான் மாற்றம். ஆனால் முதுகே வேறு மாதிரி வளைகிறது. முதலாளி திடீரென்று வந்து நிற்கிறபோது அவர் உடை மாற்றிக்கொண்டு ஓடுகிற அவசரம் இருக்கிறதே, எங்கள் வீட்டில் மூன்று பேரும் சேர்ந்து சிரித்தது அங்கேதான். அத்தை உட்பட. தீனா பாடக் கோல்மாலில் இதையே இன்னும் மெதுவாக, இன்னும் வீட்டு அம்மா மாதிரி செய்திருப்பார். இந்த ஒரு பாத்திரத்தில் மட்டும் எது மேல் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். காதல் பகுதி இரண்டு படத்திலுமே மெல்லியது, தமிழில் இன்னும் மெல்லியது. மாதவி நன்றாக இருக்கிறார், நன்றாக நடிக்கவும் தெரிந்தவர், ஆனால் அவருக்குக் கொடுத்திருக்கிற வேலை போதாது. கடைசி அரைமணி நேரம் ஓட்டமும் துரத்தலுமாக நீள்கிறது, அண்ணனைத் தம்பி என்ன செய்தான் என்று முதலாளி அலைகிற இடங்களில் கத்தரி போட்டிருக்கலாம். கோல்மாலிலும் ஓம் பிரகாஷ் இன்ஸ்பெக்டராக வருகிற துரத்தல் உண்டு, ஆனால் சட்டென்று முடிந்துவிடும், முடிந்த இடத்தில் பவானி சங்கரே மீசையை எடுத்துவிட்டுக் குடும்பத்தோடு போட்டோவுக்கு நிற்பார். மீசையில் ஆரம்பித்த கதையை மீசையிலேயே அவ்வளவு அழகாக முடித்த முடிவு அது. அந்தச் சிக்கனம் ஹிருஷிகேஷ் முகர்ஜிக்கே உரியது. இந்த விஷயத்தில் அத்தை பக்கம்தான் நான்.

பாட்டிலும் அப்படி ஒரு தராசு. அங்கே ஆர்.டி. பர்மன் இசையில், குல்சார் எழுதி, கிஷோர் குமார் பாடிய 'ஆனேவாலா பல்'. அதைக் கேட்கிறபோது படம் காமெடி என்பதே மறந்துபோகும், கையிலிருந்து நழுவுகிற நேரத்தைப் பற்றிய பாட்டு. இங்கே எம்.எஸ்.வி. இசையில் எஸ்.பி.பி. பாடிய 'ராகங்கள் பதினாறு'. பாட்டு வாத்தியார் என்று பொய் சொல்லி வந்தவன் பாடுகிற பாட்டு, ராகத்தைப் பற்றியே பாடுகிறான், அதைக் கேட்கிற பெண் அவனிடம் விழுந்துவிடுகிறாள், நாமும்தான். கதைக்குள் உட்காருவதில் இது ஒரு படி மேல் என்பது என் கருத்து. பொய்யாக வந்த ஒருவனிடமிருந்து பொய்யில்லாத ஒன்று அந்தப் பாட்டில் மட்டும் வெளியே வருகிறது. படம் வந்த அதே வருஷம் அக்டோபரில் கண்ணதாசன் போய்விட்டார். அந்தக் கடைசிக் காலத்துப் பாட்டுகளில் இத்தனை இளமையாக ஒன்று இருக்கிறது என்பது எப்போது கேட்டாலும் மனசைப் பிசையும்.

கமல் வருகிற இடம் இன்னொன்று. கோல்மாலில் சினிமாக் கனவு காண்கிற பாட்டுக்குள் அமிதாப் பச்சன் தலைகாட்டிவிட்டுப் போவார். பாலசந்தர் கடைசியில் கமல்ஹாசனை வக்கீலாகக் கொண்டுவருகிறார். 1979இல் 'நினைத்தாலே இனிக்கும்' எல்லாம் முடிந்து, இனிமேல் தனித்தனியாக நடிப்பது என்று இருவரும் தீர்மானித்த பிறகு வந்த படம் இது. இருவருக்கும் குரு ஒருவரே. அந்த ஒரு சீனுக்காகத் தியேட்டரில் என்ன நடந்திருக்கும் என்று இப்போது டி.வி.யில் பார்க்கிறவர்களுக்குப் புரியாது. அப்பா சொன்னார், விசில் சத்தத்தில் கமல் பேசிய முதல் வசனம் காதிலேயே விழவில்லையாம், இரண்டாவது முறை போய்த்தான் கேட்டாராம்.

இதே கதை அதற்கப்புறமும் நிற்கவில்லை. 1990இல் கன்னடத்தில் 'ஆசெகொப்ப மீசெகொப்ப' என்று வந்தது, ஆசைக்கு ஒருவன் மீசைக்கு ஒருவன் என்று பெயரிலேயே விஷயத்தை வைத்துவிட்டார்கள். 2012இல் ஹிந்தியிலேயே அஜய் தேவ்கனையும் அபிஷேக் பச்சனையும் வைத்து 'போல் பச்சன்'. 2013 ஜூனில் தமிழிலேயே மறுபடி 'தில்லு முல்லு'. பத்ரி இயக்கம், சிவா நாயகன், பிரகாஷ்ராஜ் முதலாளி, கோவை சரளா அம்மா.

இந்த 2013 படத்தையும் நான் தேடிப் பார்த்தேன், நம்பிக்கையோடுதான். பிரகாஷ்ராஜ் உழைத்திருக்கிறார், கோவை சரளாவுக்குச் சிரிக்க வைக்கத் தெரியாதா என்ன. யுவனும் எம்.எஸ்.வி.யும் சேர்ந்து இசை என்பது கேட்கவே ஆசையாக இருந்தது. ஆனால் மீசையைத் தூக்கிவிட்டார்கள். அண்ணனுக்கும் தம்பிக்கும் வித்தியாசம் கண். தம்பிக்குப் பூனைக்கண், லென்ஸ் போட்டுக்கொண்டு வருகிறார். பாட்டு வாத்தியார் கராத்தே வாத்தியாராகிவிட்டார். லென்ஸ் கழன்றால் மாட்டிக்கொள்வார், மீசை கழன்றால் மாட்டிக்கொள்வது மாதிரிதானே என்று எழுதியவர்கள் நினைத்திருக்கலாம். அப்படி இல்லை. கண்ணின் நிறம் எதையும் சொல்வதில்லை. பூனைக்கண் வைத்தவன் ஒழுக்கம் கெட்டவன் என்று எந்த முதலாளியும் நினைக்கமாட்டார், நம் ஊரில் ஒருவரும் நினைக்கமாட்டார்கள். மீசையில் ஒரு நம்பிக்கை இருந்தது, ஒரு தலைமுறையின் பிடிவாதம் இருந்தது, அதை ஏமாற்ற ஒரு பசை போதும் என்கிற வேடிக்கை இருந்தது. அதை எடுத்தபின் மிஞ்சியது ஆள்மாறாட்டம் மட்டும். சிவாவுக்கு 'தமிழ்ப் படம்' மாதிரி ஒன்றைக் கிண்டல் செய்கிற இடத்தில் அபாரமாக வரும். இங்கே அவர் அடக்கி வைப்பதற்கென்று ஒரு பிம்பமும் இல்லை, அவிழ்த்துவிடுவதற்கென்று ஒரு ஸ்டைலும் இல்லை. அண்ணனும் தம்பியும் ஒரே மாதிரிதான் பேசுகிறார்கள். பழைய சீன்கள் வரிசையாக வருகின்றன, ஒவ்வொன்றும் வந்தவுடன் 1981இல் அது எப்படி இருந்தது என்று ஞாபகம் வருகிறது, அவ்வளவுதான்.

ஆகவே அத்தை கேட்ட கேள்விக்கு நான் இப்படித்தான் பதில் சொல்வேன். கோல்மாலுக்கு மிக நெருக்கமாக நிற்கிற படம் 1981 தில்லு முல்லு. சீன் சீனாக அதன் பின்னாலேயே போகிறது. 2013 படம் எவ்வளவோ மாற்றியிருக்கிறது, புதுசாகச் சேர்த்திருக்கிறது. ஆனால் சொந்தமாக நிற்பது அந்தப் பழைய படம்தான். எதை மாற்றக் கூடாது என்று பாலசந்தருக்குத் தெரிந்திருந்தது, மீசையை மாற்றவில்லை. எதை மாற்றியே ஆக வேண்டும் என்றும் தெரிந்திருந்தது, அந்த மீசைக்குப் பின்னால் இருக்கிற முகத்தை மாற்றினார்.

தமிழில் இது புதிதும் இல்லை. 1958இல் வந்த 'சபாஷ் மீனா'வைப் பார்த்தவர்கள் 1996இல் 'உள்ளத்தை அள்ளித்தா' வந்தபோது கதையை அடையாளம் கண்டுகொண்டார்கள், அதற்காக கவுண்டமணியைப் பார்த்துச் சிரிக்காமல் இருந்தவர்கள் யாரும் இல்லை. 'அவ்வை சண்முகி'க்கு ஒரு ஹாலிவுட் படம் மூலம் என்பது ஊரறிந்தது, ஆனால் அந்த மடிசார் மாமியை எந்த ஹாலிவுட்காரராலும் எழுதியிருக்க முடியாது. காமெடிக்கு எலும்புக்கூட்டை எங்கிருந்து வேண்டுமானாலும் வாங்கலாம் என்று நான் நினைக்கிறேன். பேச்சும் பெயரும் உடம்பும் இங்கே பிறந்திருக்க வேண்டும்.

பார்க்க நினைக்கிறவர்களுக்கு ஒரு யோசனை. இரண்டும் பார்க்காதவர்கள் கோல்மாலை முதலில் பாருங்கள், சப்டைட்டில் இருந்தால் போதும், ஹிந்தி தெரிய வேண்டியதில்லை. மறுநாளே தில்லு முல்லு. ஒரு வாரம் விட்டால் ஒப்பிடுகிற சுகம் போய்விடும். தில்லு முல்லுவைத் தலைகீழாக மனப்பாடம் செய்தவர்களும் கோல்மாலைத் தவறவிடாதீர்கள், ரஜினி எங்கெல்லாம் புதுசாகச் சேர்த்தார் என்பது அதைப் பார்த்தால்தான் தெரியும். குழந்தைகளோடு தாராளமாக உட்காரலாம், என் அக்கா மகளுக்கு ஒன்பது வயது, அவளுக்கு மீசை கழல்கிற இடம் வரும்போதெல்லாம் பயம், மாட்டிக்கொள்வாரோ என்று. பிரிண்ட் மட்டும் கொஞ்சம் நல்லதாகத் தேடிக்கொள்ளுங்கள், டி.வி.யில் வருவது பல இடங்களில் வெட்டுப்பட்டிருக்கிறது.

அத்தை ஊருக்குக் கிளம்புகிற அன்றைக்குக் காலையில் பெட்டியெல்லாம் கட்டி ஹாலில் வைத்தாகிவிட்டது. ஆட்டோ வர இன்னும் இருபது நிமிஷம் இருந்தது. காபியைக் கையில் வைத்துக்கொண்டு அத்தை சோபாவில் உட்கார்ந்தார். "டேய், அந்த இன்டர்வியூவை மட்டும் ஒரு தடவை போடேன்" என்றார். "எந்த இன்டர்வியூ அத்தே, கோல்மாலா?" என்று கேட்டேன். "இல்லைடா" என்றார், "அய்யம்பேட்டை."